ஏன் விற்கிறோம், என்ன விலைக்கு விற்கிறோம்

இப்பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்தை ஊன்றிப் படிக்கும் பழக்கம் எமக்கு நெடுநாளாக உண்டு. பலசரக்குக் கடை, உணவகம், முடிதிருத்தகம், துப்புரவு ஒப்பந்தம் என வாரந்தோறும் ஏதோ ஒன்று விற்பனைக்கு வருகிறது. வாசகம் மட்டும் மாறுவதில்லை. 'நல்ல வருமானம். உரிமையாளர் ஓய்வு பெறுவதால் விற்பனைக்கு. விலை நேரிற் பேசலாம்.' நல்ல வருமானம் தரும் கடையிலிருந்து நாற்பத்தைந்து வயதில் ஒருவர் ஏன் ஓய்வு பெறுகிறார் என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. அவர் சொல்வது பொய்யென்று கூற வரவில்லை. விற்பவர் காரணத்தையும் விலையையும் வாய்க்குள்ளே வைத்துக்கொள்வதும், வாங்குபவர் அவற்றை ஊகித்துக்கொள்வதுமே எம்மவர் வியாபாரத்தின் முதற் சடங்காகிவிட்டது என்பதைத்தான் கூற வருகிறோம்.

இம்முறை விற்கும் இடத்தில் நாமே நிற்க நேர்ந்தது. விற்றது கடையன்று, ஓர் இணையத்தளம்.

வலிகாமத்திலுள்ள எமது ஊரின் பெயரைத் தாங்கிய அத்தளத்தை 2005 ஆம் ஆண்டில் ஸ்காபுறோவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில் வைத்துத் தொடங்கினோம். கோயில் திருவிழாச் செய்தி, பாடசாலைப் பரிசளிப்பு விழா, சனசமூக நிலையத்தின் கணக்கறிக்கை, பழைய நிழற்படங்கள், எல்லாவற்றிற்கும் மேலாக மரண அறிவித்தல்கள் எனப் பத்தொன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் எம்மூரவர் பலர் கையில் அகப்பட்ட துணியோடும் அடையாள அட்டையோடும் நடந்தவர்கள். கலியாண ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு எவரும் கைதடிப் பாலத்தைக் கடக்கவில்லை. அதற்கு முன் வெளிநாட்டு உறவினருக்குக் கடிதத்துள் வைத்து அனுப்பிய படங்களே மிஞ்சின. பாரிசிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் பெட்டியடியிற் கிடந்த அப்படங்கள்தாம் தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. ஆகவே விற்கப்போகிறோம் என்ற செய்தி பரவியபோது பாரிசிலிருந்து ஒரு பழைய மாணவர் தொலைபேசியில் கேட்டது இதுதான்: "என்ன மாஸ்டர், ஊரை விக்கப் போறியளாம்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும் அக்கேள்விக்கு முறையான விடையொன்று தரவேண்டியவராக நாம் எம்மை உணர்ந்தோம்.

முதலிற் காரணம். வீடு விற்கும் முகவராகத் தொழில் பார்க்கும் நண்பர் ஒருவர் எமக்கு நல்லெண்ணத்தோடு ஆலோசனை கூறினார். "காரணத்தில கையை வைக்காதேங்கோ, மாஸ்டர். ஓய்வு எண்டு ஒரு சொல்லுப் போடுங்கோ. கேட்டால் பாப்பம்." அவர் தொழில் அனுபவம் அவ்வாறு பேச வைக்கிறது. ஒன்ராறியோவில் வீடு விற்பவர் கண்ணாற் காணத்தக்க குறைகளையெல்லாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை; அவற்றை வாங்குபவரே பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது பழைய ஆங்கிலச் சட்டக் கோட்பாடு. ஆனால் வெளியே தெரியாததும் ஆளுக்கு ஆபத்து விளைவிப்பதுமான ஒரு குறையைத் தெரிந்துகொண்டே மறைத்தால் விற்றவர் பின்னர் நீதிமன்றப் படி ஏறவேண்டி வரலாம். இந்த இரண்டாவது பாதியை நண்பர் சொல்ல மறந்துவிட்டார் போலும்.

யோசித்துப் பார்த்தபோது எமது காரணங்கள் இருவகையாகப் பிரிந்தன. ஒருவகை எம் வீட்டைத் தொடுவது. முதியவர் ஒருவரை இரவிலும் பகலிலும் அருகிருந்து கவனிக்கவேண்டிய பொறுப்பு எமக்கு வந்திருக்கிறது. முன்பு தளத்திற்குச் செலவிட்ட இரவுகள் இப்போது அவருக்கு உரியவை. இதற்கு மேல் அதைப்பற்றி விளம்பரத்தில் எழுதவேண்டியதில்லை என்று துணைவியார் சொன்னார். அவர் சொன்னதே சரி. வாங்குபவருக்கு எம் வீட்டு மருத்துவ அறிக்கையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மற்றவகை பொருளைத் தொடுவது. இதை மறைக்க எவருக்கும் உரிமையில்லை என்பது எம் எண்ணம். தளத்தின் விளம்பர வருமானம் 2016 ஆம் ஆண்டளவில் இருந்ததிற் பாதியளவாகக் குறைந்துவிட்டது. மரணச் செய்தி இன்று வாட்ஸ்அப்பில் வந்து, அழுது முடிந்த பிறகுதான் எமது தளத்திற்கு வருகிறது. திருவிழா முகநூலில் நேரலையாக ஓடுகிறது. தேரிழுக்கும் காட்சியைக் கையிலுள்ள தொலைபேசியில் அந்நேரமே கண்டவர், மறுநாள் நாம் இடும் ஆறு நிழற்படங்களை நாடி ஏன் வரவேண்டும்? இது ஒரு குறை.

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. 2005 முதல் 2009 வரை ஏற்றிய 430 பக்கங்கள் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. பாமினியை அறியாத ஈழத்தமிழர் இருக்க முடியாது. எமது பத்திரிகைகளும் திருமண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் அதில்தான் பிறந்தன. ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை அமர்த்திய ஏற்பாடு. எழுத்துரு கூடவே இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிடில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ மந்திரம்போலத் தோன்றும். அந்நாளில் எழுத்துருவைத் தளத்தோடு பிணைத்து அனுப்பும் வசதி மைக்குறோசொப்ற் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோறரில் இருந்தது. அம்மென்பொருள் 2022 யூனில் ஓய்வு பெற்றுவிட்டது. ஆக, எமது தளத்தின் முதல் ஐந்தாண்டுகளை இன்று தொலைபேசியில் திறப்பவர் ஒரு சொல்லையும் வாசிக்க முடியாது. அப்பக்கங்களை யுனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி அவை இருந்தும் இல்லாதவையே. மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் மாற்றிய பின் ஒவ்வொரு பக்கத்தையும் மனிதக்கண் ஒன்று படித்துத் திருத்தவேண்டும். இல்லையேல் இறந்தவரின் பெயரே பிழையாகிவிடும்.

இவ்விரண்டையும் எழுதினோம். நண்பர் தலையிற் கைவைத்தார்.

காரணத்தை எவருக்கு முதலிற் சொல்வது என்ற வினாவும் எழுந்தது. இதற்கு விடை தேடியபோது நினைவுக்கு வந்தது தேசவழமை. பட்டப்படிப்புக் காலத்திற் பரீட்சைக்காகப் படித்து மறந்த சங்கதி. முப்பது ஆண்டு கழித்து ரொறன்ரோவில் பயன்பட்டது.

1707 ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் ஆட்சியின்போது, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் எமது மக்களின் வழக்கங்களைத் தொகுத்தெழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். அதிலே காணி விற்பனை பற்றிய ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஒருவர் தம் காணியை அந்நியருக்கு விற்பதாயின் உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். வாங்க விரும்பினால் அவர்களுக்கே முதலிடம். அறிவித்தற் காலமும் வகுக்கப்பட்டிருந்தது: அவ்வூரில் இருப்பவருக்கு ஒரு மாதம், அதே மாகாணத்தின் வேற்றூரில் இருப்பவருக்கு இரண்டு மாதம், வேற்று மாகாணத்தவருக்கு மூன்று மாதம், கடல் கடந்து இருப்பவருக்கு ஓராண்டு. பின்னர் ஒல்லாந்தர் இதை மாற்றி, விற்கும் எண்ணத்தைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து அறிவிக்கவேண்டும் என்றாக்கினர். இந்த முன்வாங்கும் உரிமைக்கு 1947 ஆம் ஆண்டில் இலங்கையில் தனிக் கட்டளைச் சட்டமே பிறந்தது.

தேசவழமையைத் தலையில் வைத்துக் கூத்தாட நாம் தயாரில்லை. காணியையும் தோட்டத்தையும் விற்பது பற்றிச் சொல்லும் அதே வரியில் அடிமைகளை விற்பது பற்றியும் அது சொல்கிறது. எமது மூதாதையர் ஆளை ஆள் விற்றார்கள் என்பதை அந்நூலைப் புகழ்வோர் விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் கடல் கடந்து இருப்பவனுக்கும் ஓராண்டு காத்திருக்கவேண்டும் என்று எழுதிவைத்த அந்த ஓரிடம் எம்மை நிறுத்தியது. தூரத்தில் இருப்பதால் ஒருவனுடைய பங்கு குறைவதில்லை என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டப்படி இணையத்தளத்திற்கும் தேசவழமைக்கும் யாதொரு தொடர்புமில்லை. தளப்பெயர் எமது கடனட்டையில் எமது பெயரிற் பதியப்பட்டது. நாளைக்கே எவருக்கும் விற்கலாம். எனினும் படம் தந்தவர்கள், கட்டுரை எழுதியவர்கள், தம் தாய் தந்தையரின் மரண அறிவித்தலை எம்மிடம் ஒப்படைத்தவர்கள் ஆகியோரை நாம் பங்காளர்களாகவே கருதினோம். கப்பலிற் கடிதம் போன காலத்தின் ஓராண்டு இன்று தேவையில்லை. எல்லோருக்கும் பொதுவாக இரண்டு மாதம் எனத் தீர்மானித்து, 2024 நவெம்பர் 1 அன்று தளத்தின் முகப்பிலேயே அறிவித்தோம். காரணமும் விலையும் ஒரே பந்தியில் இருந்தன. திசெம்பர் 31 வரை ஊரவருக்கே முன்னுரிமை என்றும் எழுதினோம்.

இனி விலை. இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் எமது ஊகங்கள் பலவும் இவ்விடத்திலேதான் தடுமாறுகின்றன.

இணையத்தளங்களை வாங்கி விற்கும் சந்தைகள் உலகில் இயங்குகின்றன. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் 2009 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிளிப்பா அவற்றுட் பெயர்பெற்றது. அங்கெல்லாம் சிறிய தளங்களுக்கு வழங்கும் கணக்கு எளியது. மாதாந்த வருமானத்திலிருந்து செலவைக் கழித்து, மிஞ்சும் தொகையை இருபத்துநான்கு முதல் நாற்பது வரையான ஓர் எண்ணாற் பெருக்குவர். வாங்குபவர் தாம் போட்ட பணம் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிவருமா என்று பார்க்கிறார்; அவ்வளவுதான்.

எமக்கு ஒன்பது வர்த்தகர்கள் விளம்பரம் தந்தார்கள். மாத வரவு 390 டொலர். வழங்கியின் வாடகை, தளப்பெயர்க் கட்டணம் முதலியவற்றுக்கு மாதம் 45 டொலர். மிச்சம் 345. முப்பதாற் பெருக்கினால் 10,350 டொலர். முகவர் நண்பர் பத்தாயிரம் என்று போடச் சொன்னதும் இக்கணக்கைப் பார்த்துத்தான். ஆனால் அந்த ஒன்பது பேரில் இருவர் விளம்பரத்தாற் பயனுண்டு என்று பணம் தருபவர்கள் அல்லர். எம்மிடம் படித்தவர்கள், 'மாஸ்டருக்கு' என்று மாதம் ஐம்பது ஐம்பதாகத் தந்து வருபவர்கள். நாம் விலகிய மறுமாதம் அந்த நூறு டொலரும் நின்றுவிடும். அது தளத்தின் வருமானமன்று, எமக்கு அவர்கள் காட்டிய மரியாதை. மரியாதையை விற்க முடியாது. ஆகவே 245 டொலரையே முப்பதாற் பெருக்கினோம்: 7,350.

அடுத்தது பாமினிப் பக்கங்கள். 430 பக்கங்களைக் கருவியால் மாற்றிப் படித்துத் திருத்த ஒரு பக்கத்துக்குக் கால் மணித்தியாலம் என்று கொண்டால் 107 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஒன்ராறியோவில் 2024 ஒக்ரோபர் 1 முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17 டொலர் 20 சதமாக இருந்தது. அந்தக் கணக்கில் 1,849 டொலர். இந்த வேலை வாங்குபவர் தலையில் விழுவது. ஆகவே அதைக் கழித்தோம். எஞ்சியது 5,501. ஒரு டொலரை விட்டுவிட்டு 5,500 என்று அறிவித்தோம். 'பேசலாம்' என்று எழுதவில்லை.

இக்கணக்கில் எமது உழைப்பு எங்கே என்று வீட்டில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரவுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துப் பத்தொன்பது ஆண்டுக்கும் அதே குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 178,000 டொலரைத் தாண்டியது. சிரிப்புத்தான் வந்தது. தோட்டத்திற் கிணறு வெட்டியவன் பட்ட பாட்டுக்காக எவரும் காணிக்குக் கூடிய விலை கொடுப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் எட்டிப் பார்க்கிறார்கள். எம்மவர் கடைகளுக்கு விலை சொல்லும்போது இந்த இடத்திற்றான் மனம் நோகிறது. பதினெட்டு மணித்தியாலம் நின்று உழைத்த கால்களின் வலியையும் விலைக்குள் ஏற்றுகிறார்கள். வாங்க வருபவருக்கு அது விளங்குவதில்லை. பிறகு 'ஏமாற்றப் பார்க்கிறான்' என்று இருபக்கமும் மனக்கசப்பு.

விலை சொன்ன பிறகு, எதற்கு அந்த விலை என்பதையும் வரையறுக்கவேண்டியிருந்தது. தளப்பெயர், பக்க அமைப்பு, நாம் எழுதிய செய்திகள், விளம்பரதாரருடனான தொடர்பு ஆகியவை விற்பனைக்கு. ஏனையோர் எழுதிய கட்டுரைகள் எம்முடையவை அல்ல. கனடியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவர் தம் உரிமையைப் பிறருக்கு மாற்றுவதாயின் அது எழுத்திலும் கையொப்பத்துடனும் இருக்கவேண்டும். எம்மிடம் எவரும் அவ்வாறு எழுதித் தரவில்லை. தளத்தில் தொடர்ந்து இருக்கட்டும் என்ற அவர்களின் அனுமதியை மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டுப் பெற்றோம். 612 மின்னஞ்சல் முகவரிகள் எம்மிடம் இருந்தன. சம்மதமின்றி வர்த்தக மின்னஞ்சல் அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் இங்கே 2014 யூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எம்மை நம்பித் தந்த முகவரி வேறு கைக்குப் போகும்போது மீண்டும் கேட்பதே முறையெனக் கருதி எல்லோருக்கும் எழுதினோம். சம்மதித்தவர்களின் முகவரிகளே பட்டியலில் நிலைத்தன.

மரண அறிவித்தல்களுக்கு விலையாக நாம் எழுதியது பூச்சியம். அவற்றை நீக்கலாகாது, அவற்றின் மேலோ கீழோ விளம்பரம் இடலாகாது, உறவினர் கேட்டால் திருத்தித் தரவேண்டும் என்பன நிபந்தனைகள். இவற்றை ஏற்காதவருக்கு எவ்விலைக்கும் விற்பதில்லை என்றும் அறிவித்தலிற் சேர்த்தோம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஜியோசிற்றீசின் கதையை நினைவூட்டவேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இணையத்திற் கால்வைத்த தமிழர் பலர் தம் முதற் பக்கத்தை அங்கேதான் இலவசமாக அமைத்தார்கள். 1999 ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் ஏறத்தாழ 360 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியது. வாங்கிய கையோடு, அங்கே பக்கம் வைத்திருப்போரின் ஆக்கங்களிலே தனக்குப் பரந்த உரிமை உண்டு என்பதுபோல் நிபந்தனைகளை மாற்ற, குடியிருந்தவர்கள் கொதித்தெழுந்தனர், நிறுவனம் பின்வாங்கியது. ஆனால் 2009 ஒக்ரோபரில் அந்நகரமே மூடப்பட்டது. தன்னார்வலர் சிலரும் இணைய ஆவணக் காப்பகத்தாரும் இயன்றதைப் பிரதி எடுத்தார்கள், எஞ்சியவை போயின. பல கோடி கைமாறிய அந்த விற்பனையில், அங்கே எழுதியவர்களிடம் ஒரு சொற்கூடக் கேட்கப்படவில்லை.

நவெம்பர் மூன்றாம் கிழமையில் முற்றிலும் அறிமுகமற்ற ஓர் இடைத்தரகரிடமிருந்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வந்தது. 15,000 டொலர் தருவதாகச் சொன்னார். நாம் கேட்டதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அவர் வருமானத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாமினியைப் பற்றியோ ஊரைப் பற்றியோ கேட்கவில்லை. தளப்பெயரின் வயது என்ன, எத்தனை தளங்கள் அதற்கு இணைப்புத் தந்திருக்கின்றன என்ற இரண்டை மட்டுமே கேட்டார். ஏன் வாங்குகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டோம். விற்பவர்தான் காரணம் சொல்லவேண்டும், வாங்குபவர் சொல்லவேண்டியதில்லை என்பது பொது எண்ணம். எமக்கு அதில் உடன்பாடில்லை. அவர் சுற்றி வளைத்து எழுதிய பதிலிலிருந்து விடயம் விளங்கியது. நெடுங்காலம் ஒழுங்காக இயங்கிய பெயர்களுக்குத் தேடுபொறிகளிடத்தில் ஒரு நன்மதிப்பு உண்டு. அப்பெயரை வாங்கி, உள்ளிருப்பதைத் துடைத்துவிட்டுச் சூதாட்டப் பக்கங்களை ஏற்றினால் அந்நன்மதிப்புச் சூதாட்டத்துக்குப் போய்ச்சேரும். காலாவதியான பெயர்களை வாங்கி இவ்வாறு பயன்படுத்துவதைக் கூகிள் நிறுவனம் 2024 மார்ச்சில் தன் விதிகளில் தனிக் குற்றமாகவே சேர்த்தது. அவ்வளவு பரவலான தொழில்.

அந்தத் தொகை எம்மை அசைக்கவில்லை என்று சொன்னால் எவரும் நம்பப்போவதில்லை. வீட்டில் மருத்துவத் தாதியொருவரைக் கிழமையில் இரண்டு நாள் அமர்த்துவதற்கு அது எத்தனை மாதம் போதும் என்று கணக்குப் பார்த்தோம். ஆனால் ஒன்று தெளிவாயிற்று. எமது 5,500 தளத்தின் விலை. அவரது 15,000 ஊரவர் பத்தொன்பது ஆண்டுகள் வந்துபோன தடத்தின் விலை. அந்தத் தடத்தை விற்க எமக்கு உரித்து இல்லை.

விலை என்பது பெரும்பாலும் வாங்குபவரின் ஆசையைத்தான் காட்டுகிறது. 1999 நவெம்பரில் சென்னையைச் சேர்ந்த சத்தியம் இன்ஃபோவே நிறுவனம் ராஜேஷ் ஜெயின் என்பவர் 1995 இல் தொடங்கிய இந்தியாவேர்ல்ட் தளத்தை 499 கோடி ரூபாவுக்கு வாங்குவதாக அறிவித்தபோது இந்தியாவே வாய்பிளந்தது. வெளிநாட்டிலிருந்த இந்தியருக்குத் தாய்நாட்டுச் செய்தி தரும் தளமாகத் தோன்றியது அது. நோக்கத்தில் எமது ஊர்த் தளத்துக்கு மூத்த அண்ணன் எனலாம். அதன் வருமானத்தை எந்த எண்ணாற் பெருக்கினாலும் 499 கோடி வராது. வாங்கிய நிறுவனம் அதற்கு முந்திய மாதந்தான் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியிருந்தது. ஆசைக்கும் அப்போது நல்ல விலை இருந்தது. அடுத்த ஆண்டே இணையப் பங்குகள் உலகெங்கும் சரிந்தன. விற்றவர் மீது எவருக்கும் குறை சொல்ல இடமில்லை. அவர் தம் சொத்தைத் தம் காலத்தில் விற்றார். எமது கதையில் வேறுபாடு யாதெனில், சொத்து முழுவதும் எம்முடையது அன்று.

இடைத்தரகருக்கு ஊரவரின் தவணை முடியும்வரை பொறுக்கவேண்டும் என்றும், அதன் பின்னரும் மரண அறிவித்தல் பற்றிய நிபந்தனைகள் மாறா என்றும் எழுதினோம். அதன்பின் அவரிடமிருந்து மறுமொழி இல்லை.

ஊரவரிடமிருந்து இரண்டு விருப்பங்கள் வந்தன. இலண்டனிலுள்ள பழைய மாணவர் சிலர் 4,000 டொலரை ஆண்டுக்கு ஆயிரமாகத் தருவதாகச் சொன்னார்கள். கணக்கைத் திரும்ப அனுப்பி, எந்த வரியிற் குறைக்கவேண்டும் என்று கேட்டோம். அவர்கள் கூட்டம் வைத்துப் பேசிக்கொண்டிருக்க, மார்க்கத்தில் வாழும் ஓர் இளம்பெண் முன்வந்தார். எம்மூர்க் குடும்பத்துப் பிள்ளை, பிறந்தது இங்கே, மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. ஊரில் இருக்கும் மைத்துனரோடு சேர்ந்து நடத்த விரும்பினார். தளப்பெயர் டொட் கொம் ஆனபடியால் இருவர் பெயரிலும் பதிவதற்குத் தடை இருக்கவில்லை. டொட் சிஏ ஆக இருந்திருந்தால் கனடாவோடு தொடர்புடையவரே பெயரை வைத்திருக்கலாம் என்ற விதி குறுக்கே நின்றிருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஜோன் டெம்கோ என்பவர் 1987 முதற் சம்பளமில்லாத சேவையாகப் பராமரித்த அந்தப் பதிவேடு 2000 திசெம்பரில் தனி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விதி இன்றும் இருக்கிறது.

அப்பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவர். ஆனால் கணக்கில் எம்மைவிடக் கூர்மையானவர். பன்னிரண்டு மாத வங்கிக் கூற்றுகளைக் கேட்டார், கொடுத்தோம். வருகையாளர் பதிவேட்டைக் கேட்டார், கொடுத்தோம். பின்னர் சற்றுத் தயங்கி, "அங்கிள், நீங்கள் பிறகு இதே மாதிரி இன்னொண்டு தொடங்க மாட்டீங்கள் எண்டு எழுதித் தருவீங்களா?" என்றார். ஊரின் பெயரில் நாம் இனி எதுவும் எழுதலாகாது என்று ஒரு பிள்ளை கேட்பது உள்ளே குத்தத்தான் செய்தது. ஆனால் விற்றவன் எதிரே இன்னொரு கடை திறந்தால் வாங்கியவன் கதி என்ன? மூன்று ஆண்டுகளுக்கு எனக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.

அவர் விலையிற் பேரம் பேசவில்லை. பாமினிப் பக்கங்களைத் தம்மால் மாற்ற முடியும், ஆனால் திருத்த முடியாது என்றார். அந்த வேலையை ஊரிலிருக்கும் மைத்துனர் மாதம் முப்பது பக்கமாகச் செய்யவும், சந்தேகம் வரும் பெயர்களை மட்டும் எம்மிடம் கேட்கவும் ஏற்பாடாயிற்று. பெயர் கேட்டால் விடை சொல்வது போட்டித் தளம் நடத்துவதாகாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

2025 தை இரண்டாம் கிழமையிற் கைமாற்றம் நடந்தது. பணத்தை நேரே வாங்கவில்லை. வீடு வாங்கும்போது வழக்கறிஞரின் நம்பிக்கைக் கணக்கிற் பணம் தங்குவதுபோல, எஸ்குரோ எனப்படும் நடுநிலைச் சேவையில் அவர் பணத்தைக் கட்டினார். தளப்பெயரின் மாற்றுக் குறியீட்டை நாம் கொடுத்து, பெயர் அவரிடம் போய்ச்சேர்ந்ததை அவர் உறுதிசெய்த பின்னரே பணம் எமக்கு விடுவிக்கப்பட்டது. தளம் முழுவதன் பிரதியொன்றை இரண்டு வன்தட்டுகளில் எடுத்து, ஒன்றை ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு அனுப்பினோம். மற்றது எம்மிடம் இருக்கிறது.

விளம்பரம் தந்துவந்த வர்த்தகர்களுக்கு: 2024 திசெம்பர் வரையான பற்றுச்சீட்டுகள் எம்மிடம் உள்ளன; வேண்டியவர்கள் கேட்டுப் பெறலாம். தை முதலான கொடுப்பனவுகள் புதிய உரிமையாளர்களையே சேரும். மரண அறிவித்தல் அனுப்பும் மின்னஞ்சல் முகவரி மாறவில்லை. இரவில் அனுப்பினால் ஊரிலுள்ள மைத்துனருக்கு அப்போது பகல். முன்னரைவிட விரைவாக ஏறும்.